2 அடித் தொட்டியில் ராமும் அப்பிஸ்டோவும்: மஞ்சளாக மாறிய பெண் மீன் கோரிகளை அடிக்கிறது

சிப்புட்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். என் தொட்டி 60 × 30 × 36 சென்டிமீட்டர், ஏறக்குறைய 64 லிட்டர். தண்ணீர் ஓட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. உள்ளே 12 நியான் டெட்ரா, 6 புரோன்ஸ் கோரி (தரையில் மேயும் சின்னக் கெளுத்தி), ஒரு ஜோடி ஜெர்மன் நீல ராம், அப்புறம் காக்கட்டூ அப்பிஸ்டோ ஒரு ஆண் இரண்டு பெண். ராமும் அப்பிஸ்டோவும் குள்ள சிக்லிட் வகை. எல்லாமே விரல் நீளத்துக்கும் குறைவான மீன்கள், குள்ள சிக்லிட் சாதுவான இனம், டெட்ராவோடு தாராளமாக வைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். நம்பி வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் ஆண் ராம் செத்துவிட்டது. இரண்டு நாளாகவே மூலையில் நின்று வேகமாக மூச்சு வாங்கியது, உடல் கறுத்துப் போனது. வீட்டின் சூடுதான் காரணம் என்று நினைக்கிறேன். பின்பக்கம் இழுத்துக் கட்டிய சிங்க் கூரைக்குக் கீழேதான் தொட்டி இருக்கிறது, மதியம் தண்ணீர் 30 டிகிரி காட்டுகிறது.

இப்போது வேறு பிரச்சினை. முந்தாநாளிலிருந்து ஒரு பெண் அப்பிஸ்டோ எலுமிச்சை மஞ்சளாக மாறிவிட்டது. வயிற்றுத் துடுப்பில் கறுப்பு. கற்களுக்கு நடுவில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வரும் கோரிகளைக் கொத்துகிறது. ஒரு கோரிக்கு வால் துடுப்பே பாதிதான் இருக்கிறது. இன்னொன்றின் கண் வீங்கியிருக்கிறது. இந்தப் பெண் மீனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

செம்பனை:
பகாவிலிருந்து எழுதுகிறேன். திருப்பிக் கொடுக்காதீர்கள், அது முட்டை வைத்திருக்கிறது. முதலில் தண்ணீரை அளந்து சொல்லுங்கள். பி.எச். (அமிலத்தன்மை அளவு) எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு? அந்தக் கற்கள் எங்கே எடுத்தது?

சிப்புட்வாசி:
டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்தேன் அண்ணே. தொட்டியில் பி.எச். 7.8. நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பாகிறது. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துப் பார்த்தால் பி.எச். 7 பக்கம்தான். கற்கள் ஈப்போ போகும் வழியில் மலை அடிவாரத்தில் பொறுக்கியவை. வெள்ளையும் சாம்பலுமாக ஓட்டை ஓட்டையாக அழகாக இருந்தன. நன்றாகக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் வைத்தேன்.

பால்மங்கு:
தம்பி, நானும் சிப்புட்தான். பெரிய பதிலாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாகக் குள்ள சிக்லிட் வளர்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் முதல் தொட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் ராம். சூட்டில் சாகவில்லை. அந்த மீனின் சொந்த இடம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோக்கோ ஆற்றுப் புல்வெளிகள். வெயில் நேராக விழும் ஆழமில்லாத நீர்நிலைகள். 27லிருந்து 30 டிகிரி வரை அதற்குப் பிடித்த சூடு. நம் ஊரில் ஹீட்டரே இல்லாமல் வளர்க்கக்கூடிய சிக்லிட் அது. அதைக் கொன்றது புதுத் தொட்டியும் உங்கள் கல்லும்.

அது சுண்ணாம்புக் கல். ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் பலவும் அதுதான். எவ்வளவு கழுவினாலும் வெந்நீரில் போட்டாலும் கல் மாறாது. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பி.எச்.சைத் தூக்கிக்கொண்டே இருக்கும். குழாயில் 7, தொட்டியில் 7.8 என்றால் அந்த வித்தியாசம் கல் கொடுத்தது. சந்தேகம் இருந்தால் ஒரு கல்லை ஆணியால் கீறி, கீறிய இடத்தில் வினிகர் இரண்டு சொட்டு விட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மெல்ல நுரைத்துச் சத்தம் வந்தால் தொட்டிக்கு ஆகாது.

பி.எச். ஏறினால் ராமுக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். மூன்று வாரத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் நிற்கும். பி.எச். 7க்குக் கீழே இருந்தால் அதில் பெரும்பங்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பி.எச்.சும் சூடும் ஏற ஏற அதே அமோனியா விஷமாக மாறும். உங்கள் தொட்டியில் இரண்டும் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு, அந்த அமோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் விஷம் வேறு. ராம் மற்ற மீன்களைப் போலத் தாங்காது, ஆறு மாசம் ஓடிய தொட்டியில் விட வேண்டிய மீன் அது. காக்கட்டூ கொஞ்சம் கல்லுக்குண்டு, 7.8லும் முட்டை வைத்துவிட்டது பாருங்கள்.

இன்றைக்கே கற்களை எடுங்கள். ஆனால் அந்தப் பெண் முட்டை ஒட்டியிருக்கும் கல்லை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், குளோரினை நீக்கும் மருந்து போட்டு. தீவனம் பாதி போதும்.

சிப்புட்வாசி:
வினிகர் விட்டுப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்ன மாதிரியே கீறிய இடத்தில் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. ஏழு கற்களை எடுத்துவிட்டேன். முட்டை இருக்கும் ஒன்று மட்டும் உள்ளே இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், பொந்தின் கூரையில் சிவப்பு மணிகள் மாதிரி ஒட்டியிருக்கின்றன. கோரிகளை என்ன செய்வது?

பால்மங்கு:
கோரிகளை வெளியே எடுங்கள். தண்டனை அனுபவிப்பது அவைதான், தப்பு அவற்றின் மேல் இல்லை. அந்தப் பெண் மேலும் இல்லை.

டெட்ராவை அப்பிஸ்டோ ஒரு தடவை விரட்டினால் அது மேலே போய்விடும். கோரிக்குப் போக இடமில்லை. அதன் பிழைப்பே தரையில்தான், மணலைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லை என்பது அதற்குப் புரியாது. கொத்து வாங்கி நகரும், கொத்தியது யார் என்று மறந்து அரை நிமிஷத்தில் அதே இடத்துக்கு வரும். ராத்திரி விளக்கு அணைந்த பிறகு முட்டையையும் தின்னும், அது உண்மை. அந்தத் தாய்க்கு அது தெரியும். அதனால் கண்ணைப் பார்த்துக் கொத்துகிறது.

இப்போது தரையைக் கணக்குப் போடுங்கள். முட்டை வைத்த காக்கட்டூ பெண் தன் குகையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாண் தூரத்துக்கு யாரையும் விடாது. உங்கள் தரை நீளம் மூன்று சாண் இல்லை, அகலம் ஒன்றரைச் சாண்கூட இல்லை. ஒரு பெண் உட்கார்ந்தாலே தொட்டியின் பெரும்பகுதி அதற்குச் சொந்தம். நீங்கள் அதில் இரண்டு பெண், ஒரு ஆண், இரண்டு ராம், ஆறு கோரி வைத்தீர்கள். எல்லாம் தரை மீன். லிட்டர் கணக்கைக் கடையில் சொல்வார்கள், தரைக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

ஆண் மீனையும் பாருங்கள். முட்டை வைத்த பிறகு பெண் அதையும் கிட்டே விடாது. ஆண் 8 சென்டிமீட்டர், பெண் 5 சென்டிமீட்டர் இருக்கும், ஆனாலும் ஓடுவது ஆண்தான். ஓட இடமில்லாத தொட்டியில் செத்த ஆண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கலப்புத் தொட்டியில் குள்ள சிக்லிட் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலேயே கலப்புத் தொட்டிதான். சாதாரண நாளில் இந்தக் குள்ள சிக்லிட்டுகள் சாதுதான். முட்டை வைக்கும் வாரத்தில் அந்த மீன் எப்படி இருக்கும் என்று பார்த்துத் துணை மீன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அந்த வாரம் மாசத்துக்கு ஒரு தடவைகூட வரும்.

குலிம்_ராம்:
மன்னிக்க வேண்டும், இங்கே கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துவதாகத் தோன்றுகிறது. நான் இதே 2 அடித் தொட்டியில் ஒரு ஜோடி ராமும் பத்து கார்டினல் டெட்ராவும் இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். ஐந்தாறு தடவை முட்டை வைத்திருக்கிறது. ஒரு மீனுக்கும் காயம் இல்லை. சிக்லிட் என்றாலே நம் ஆட்களுக்குச் சண்டைக்கார ஃப்ளவர்ஹார்ன் ஞாபகம்தான் வருகிறது.

பால்மங்கு:
தம்பி, நீங்கள் செய்திருப்பது மிகவும் சரி. உங்கள் தொட்டியில் தரை முழுக்க ஒரே ஜோடிக்கு. கார்டினல் மேலே நீந்துகிறது, ராமுக்கு வேண்டிய சூட்டையும் தாங்குகிறது. நியானைவிடக் கார்டினல்தான் சூட்டுக்குச் சரி. நியானுக்கு 25 டிகிரிக்குக் கீழேதான் சுகம், நம் வீடுகளில் அது சீக்கிரம் முதுமை அடைந்துவிடும்.

இன்னொன்று. ராம் தட்டைக் கல்லின் மேல், திறந்த இடத்தில் முட்டை வைக்கும், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து காவல் நிற்கும். அப்பிஸ்டோ குகைக்குள் வைக்கும், தாய்தான் எல்லாம். ஆண் வெளியே பெரிய வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு குணமும் வேறு வேறு. இரண்டையும் சின்னத் தொட்டியில் ஒன்றாகப் போட்டதுதான் இங்கே வந்த வினை.

செம்பனை:
ஐயா, கிரிபென்சிஸ் சிக்லிட் எப்படி? இங்கே கடையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள்.

பால்மங்கு:
தண்ணீருக்குக் கவலை வேண்டாம், சரிதான். நைஜீரியா பக்கத்து மீன், உறுதியானது. ஆனால் அப்பிஸ்டோவைவிடப் பெரியது, குஞ்சு இருக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து அடிப்பார்கள். 3 அடித் தொட்டிக்குக் குறைந்து வேண்டாம். கோரியோடு வேண்டவே வேண்டாம்.

நீர்ச்செடி:
ஈப்போவிலிருந்து. பால்மங்கு ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

தம்பி, கல்லை எடுத்த இடம் இப்போது வெட்டவெளியாக இருக்கும். தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியக் கூடாது. ஒரு மீன் இன்னொரு மீனைப் பார்க்காவிட்டால் பாதிச் சண்டை நடக்காது. நடுவில் ஒரு மரவேர், அதில் ஜாவா ஃபெர்ன் கட்டி வையுங்கள். அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டாம், நம் காட்டு ஓடைகளில் பாறையைப் பிடித்து வளரும் செடி. மேலே மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் மீன்கள் பயமில்லாமல் வெளியே வரும்.

கெத்தாபாங் இலை போடுங்கள், நாட்டு வாதுமை என்போமே, அதுதான். தானாகப் பழுத்து விழுந்து காய்ந்த இலை, இரண்டு போதும். தண்ணீர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம். இலை மெல்ல அழுகும்போது அதில் பொடி உயிர்கள் வளரும், குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடு அதுதான். ஆனால் சுண்ணாம்புக் கல் உள்ளே இருக்கும்வரை எத்தனை இலை போட்டாலும் பி.எச். இறங்காது, கல் ஜெயித்துக்கொண்டே இருக்கும்.

இலையைச் செம்பனைக் காட்டு ஓரத்திலோ சாலை ஓரத்திலோ பொறுக்காதீர்கள். புல்லுக்கு மருந்து அடிக்கும் இடம். பாராகுவாட்டை 2020 ஜனவரியில் நாட்டிலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனால் வேறு களைக்கொல்லிகள் அடிக்கிறார்கள். தோட்டத்து வாய்க்காலில் மீன் தீவனத்துக்கு டாஃப்னியாப் பூச்சி வாரிக்கொண்டு வரும் பழக்கமும் அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கோயில் வளாகத்தில், பள்ளிக்கூடத் திடலில் மரம் இருக்கும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். டெங்கிக்குப் புகை அடிக்க வந்தால் உடனே ஏர் பம்பை நிறுத்துங்கள். அது அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தான் விடுகிறது. தொட்டியை ஈரத் துணியால் முழுசாக மூடிவிட்டு, புகை அடங்கி வீட்டைத் திறந்து காற்று வாங்கிய பிறகு பம்பைப் போடுங்கள். புகை மருந்தில் கலக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம். கொசுவர்த்தியிலும் அதே வகைதான். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் எங்கள் வரிசையில் அடித்தார்கள், ஜன்னல் திறந்திருந்தது, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சாயந்திரம் வந்து பார்த்தபோது நான்கு வருஷம் வளர்த்த அகாசிசி அப்பிஸ்டோ ஜோடி மல்லாந்து கிடந்தது. அதற்குப் பிறகு பம்ப் பக்கத்திலேயே ஒரு பெரிய துண்டு மடித்து வைத்திருக்கிறேன், அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சிப்புட்வாசி:
அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் தமானிலும் போன மாசம் அடித்தார்கள். இன்றே அப்பாவிடம் சொல்கிறேன்.

கோரிகள் நண்பன் வீட்டு 3 அடித் தொட்டிக்குப் போய்விட்டன. கண் வீங்கியது பரவாயில்லை, சாப்பிடுகிறது. தனியாக நிற்கும் பெண் ராமை என்ன செய்யலாம்? குகைக்கு என்ன வைக்கலாம்? கடையில் பீங்கான் குகை ஒன்று 18 வெள்ளி சொல்கிறார்கள்.

பால்மங்கு:
ராமை என்னிடம் கொடுங்கள். என் பெரிய தொட்டியில் தனி ஆண் ஒன்று இருக்கிறது.

குகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நான் ஏன் இந்தப் பெயர் வைத்திருக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, பழைய மங்குகள் லயத்துக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தன. பால் வடிந்து விழும் அந்தப் பீங்கான் மங்குதான். வீடு மாறும்போது அம்மா ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்தார், பூச்செடிக்கு ஆகும் என்று.

ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், அப்பிஸ்டோவுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். உள்ளே வழவழப்பு, முட்டை ஒட்டும். கூரை வளைந்திருக்கும், தாய் தலைகீழாக நின்று விசிறி விடலாம். விளிம்பில் ஒரு இடத்தை இடுக்கியால் மெல்ல நறுக்கி, பெண் மட்டும் நுழையும் அளவுக்கு, உங்கள் சுண்டுவிரல் தடிமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாசல் வையுங்கள். ஆண் நுழைய முடியாத வாசல்தான் பெண்ணுக்குப் பிடிக்கும். உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், செதில் கிழியாது.

கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. மங்கில் பழைய பால் ரப்பராகக் காய்ந்து ஒட்டியிருக்கும், அதை உரித்து எடுக்க வேண்டும். பால் உறையாமல் இருக்க அமோனியா விடும் வழக்கமும் தோட்டத்தில் உண்டு. அதனால் ஒரு வாரம் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, கடைசியில் கொதிக்க வைத்து எடுங்கள்.

பெண்களின் எண்ணிக்கையைவிட ஒரு மங்கு கூடுதலாக வையுங்கள். வாசல்கள் ஒன்றை ஒன்று பார்க்காமல் திருப்பி வையுங்கள். உங்கள் தொட்டிக்கு ஒரு ஆண் ஒரு பெண்தான் அளவு, இரண்டாவது பெண்ணுக்கும் வேறு இடம் பாருங்கள்.

குலிம்_ராம்:
மங்கு யோசனை அருமை ஐயா. எங்கள் தாத்தா வீட்டிலும் கிடக்கிறது. ராமுக்கு அதைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி மணலில் பாதி புதைத்தால் முட்டை வைக்குமா?

பால்மங்கு:
வைக்கும். கவிழ்த்தால் அதன் முதுகிலும் வைக்கும்.

சிப்புட்வாசி:
பதினோரு நாள் கழித்து வருகிறேன். முட்டை பொரிந்துவிட்டது! மூன்றாம் நாள் புழு மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. தாய் அவற்றை வாயில் எடுத்து மணலில் தோண்டிய ஒரு குழியில் துப்பியது, மறுநாள் வேறு குழி. பிறகு ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், தாயைச் சுற்றிப் பொடி மேகம் மாதிரி முப்பது நாற்பது குஞ்சுகள் நீந்துகின்றன. அந்தக் கடைசிச் சுண்ணாம்புக் கல்லையும் எடுத்துவிட்டேன், பி.எச். இப்போது 7. நைட்ரைட் கட்டம் வெள்ளையாகிவிட்டது. ஆணைத் தாய் ஒரு மூலையிலேயே நிறுத்தி வைத்திருந்தது, அதை நண்பன் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் நியான்கள் குஞ்சுகளைத் தின்கின்றன. தாய் ஒன்றை விரட்டப் போகும்போது மறுபக்கம் இன்னொன்று வந்து எடுத்துவிடுகிறது. என்ன தீவனம் கொடுப்பது?

பால்மங்கு:
ஆர்ட்டீமியா (பொடி இறால்) முட்டையைப் பொரித்துக் கொடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சொட்டு மருந்துக் குழாயில் எடுத்துத் தாய் நிற்கும் இடத்தில் மெல்ல விடுங்கள். வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டன என்று அர்த்தம். கெத்தாபாங் இலையை எடுக்காதீர்கள்.

நியானை இப்போது பிடிக்கப் போனால் தொட்டி கலங்கும், தாய் மிரண்டு குஞ்சைத் தானே தின்னக்கூடும். விடுங்கள், கலப்புத் தொட்டியில் ஐந்தாறு மிஞ்சினால் அதுவே நல்ல கணக்கு. ஆனால் நியான் குறையும்போது திரும்ப வாங்க வேண்டாம், ஹார்லிக்குயின் ரஸ்போரா போடுங்கள். நம் நாட்டுச் சதுப்புக் காட்டு மீன், இந்தச் சூடு அதற்குப் பழக்கம். மேலே ஒரு கூட்டம் நிம்மதியாக நீந்தினால்தான் கீழே இருக்கும் சிக்லிட் ஆபத்தில்லை என்று வெளியே வரும், அதனால் மேல் மீன் கட்டாயம் வேண்டும்.

நீர்ச்செடி:
தம்பி, ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்புக்கு நேராக வையுங்கள். இரண்டு டிகிரி இறங்கும். அப்பிஸ்டோ குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முதல் வாரங்களின் சூடும் முடிவு செய்கிறது. ஊவே ரோமர், வோல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் 1996இல் அப்பிஸ்டோ இனங்கள் பலவற்றை வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சூடு கூடினால் ஆண் கூடும். சிங்க் கூரைக்குக் கீழே 30 டிகிரியில் வளர்த்தால் பெரும்பாலும் ஆணாகப் போய்விடும், பிறகு ஜோடி சேர்க்கத் தவிப்பீர்கள்.

குலிம்_ராம்:
கூடுதலாக இருக்கும் ஆண்களை லோம்போங்கில் (பழைய ஈயச் சுரங்கக் குட்டையில்) விட்டால் என்ன?

பால்மங்கு:
வேண்டவே வேண்டாம் தம்பி. பீக்கோக் பாஸை அப்படித்தான் யாரோ விட்டார்கள். இப்போது பேராக் லோம்போங்குகளில் தூண்டில் போட்டால் அதுதான் ஏறுகிறது. இங்கேயே இழையில் எழுதுங்கள், யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

சிப்புட்வாசி:
விசிறி வைத்துவிட்டேன் அக்கா, மதியம் 28 காட்டுகிறது. இன்று சாயந்திரம் ஏழு மணிக்கு விளக்கை அணைக்கும் முன்னால் ஒரு காட்சி. தாய் குஞ்சுகளுக்கு நடுவில் நின்று, உடம்பை இரண்டு தடவை வெட்டி வெட்டி அசைத்தது. உடனே எல்லாக் குஞ்சும் மணலோடு மணலாகப் படுத்துவிட்டன. அப்புறம் ஒவ்வொன்றாக வாயில் எடுத்து மங்கு வாசலுக்குள் துப்பியது. ஒன்று தவறி நியான் பக்கம் போனது, அதையும் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தது. நான் எண்ணினேன், பதினாலு இருக்கின்றன. அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பால்மங்கு:
பதினாலு நல்ல எண்ணிக்கை. பெரிதாகிப் பெண் தெரிந்தால் எனக்கு இரண்டு எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாசார் (சந்தை) பக்கம் வருவேன், கழுவின மங்கு மூன்று கொண்டு வருகிறேன். ராமும் நன்றாக இருக்கிறது, ஆண் அதைச் சுற்றிக்கொண்டு தட்டைக் கல்லைத் துடைக்க ஆரம்பித்துவிட்டது.